டாட்ஜ் ராம் 5.9 எஞ்சினில் நாக்கிங்: தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

1994 முதல் 2001 வரை வந்த டாட்ஜ் ராம் 1500 பிக்கப்புகள் அமெரிக்காவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருக்கும் 5.9 லிட்டர் மேக்னம் வி8 நல்ல உழைப்பாளி எஞ்சின். ஆனால் மேடு ஏறும்போதோ டிரெய்லர் இழுக்கும்போதோ, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் கிளம்பும். அதை அடக்குவதற்காகச் செய்யப்படும் வேலைகளில் பாதிக்கு மேல் காரணத்தைத் தொடுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில், அது நாக்கிங்தானா என்று பார்க்காமல் இறங்கக்கூடாது. பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். அதனால் எஞ்சின் சூடாகி, லோடு ஏறும்போதுதான் பெரும்பாலும் கேட்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் நின்றுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு) கசிவைச் சந்தேகப்படுங்கள். ஐடிலிலேயே கனமாக இடித்தால் பேரிங் பக்கம் போகவேண்டும்.

அடுத்த தவறு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது. பழைய எஞ்சின்களில் அப்படித்தான் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) குறைத்தார்கள். மேக்னத்தில் டைமிங்கை முடிவு செய்வது கம்ப்யூட்டர். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் இன்ஜெக்டர்கள் எரிபொருள் விடும் கணக்குதான் குழம்பும், டைமிங் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொன்று, இந்த எஞ்சினில் நாக் சென்சாரே கிடையாது. நாக்கிங் வருவது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதற்கென்று ஒரு பிழைக் குறியீடும் (code) பதிவாகாது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒருநாள் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்து போகலாம்.

விலை கூடிய பெட்ரோலை ஊற்றிச் சமாளிப்பதும் இதே வகைதான். கலவையைச் சுமார் ஒன்பதில் ஒரு பங்காக அழுத்தும் (9:1 கம்ப்ரெஷன்) எஞ்சின் இது. அமெரிக்க பெட்ரோல் பங்கில் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) 87 என்று போட்டிருக்கும் பெட்ரோலே போதும் (நம் ஊரில் முன்பு இருந்த 91-ம் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான், கணக்கிடும் முறை வேறு). 87-ல் வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடிய வண்டி இப்போது கத்துகிறது என்றால், உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்றே பொருள். சோதனைக்காக விலை கூடியதை ஒரு டேங்க் ஊற்றிப் பார்க்கலாம். சத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக்கூடாது.

சரி, அப்படி என்ன மாறியிருக்கும்? இந்த எஞ்சினில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதி) அடியைத்தான். மேனிஃபோல்ட் அலுமினியம், அதன் அடியை மூடியிருக்கும் தகடு இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. நாளடைவில் போல்ட் தளர்ந்து, நடுவிலிருக்கும் கேஸ்கெட் விட்டுப்போகும். தகட்டுக்குக் கீழே எஞ்சின் ஆயில் தெறித்துக்கொண்டிருக்கும் பள்ளம். மேனிஃபோல்டின் வேக்யூம் அந்த ஆயிலை உறிஞ்சி, பெட்ரோலோடு சேர்த்து சிலிண்டருக்குள் அனுப்பிவிடும். ஆயிலுக்கு ஆக்டேன் மிகக் குறைவு, கலவை சீக்கிரம் வெடிக்கிறது. எரிந்த ஆயில் கரியாகப் படிந்து கம்ப்ரெஷனையும் ஏற்றுகிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் வண்டி ஆயில் குடிப்பதும் இதனால்தான்.

பார்ப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து டார்ச் அடியுங்கள். அடியில் ஆயில் தேங்கிப் பளபளத்தால் சந்தேகம் வலுக்கிறது. லேசான ஈரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வு வழியாகவும் கொஞ்சம் ஆயில் வரும். உறுதிப்படுத்த, பிசிவி வால்வைக் கழற்றி, அதன் குழாயையும் வால்வ் கவரில் அது இருந்த துளையையும், எதிர்ப்பக்கம் காற்று உள்ளே போகும் பிரீதரையும் அடைத்துவிட்டு ஐடிலில் ஓடவிடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வைத்தால் லேசாக வெளியே தள்ளவேண்டும். உள்ளே இழுத்தால் கேஸ்கெட் போய்விட்டது.

கண்டுபிடித்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. அதே இரும்புத் தகட்டில் புது கேஸ்கெட் போட்டு மூடினால் அதே கதை திரும்பவும் நடக்கும். தடித்த அலுமினியத் தகடு தனியாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். மேனிஃபோல்டைத் தூக்கியதும் கீழே உள்ள பள்ளத்தில் சுத்தமான துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அன்றைய வேலை அதைத் தேடுவதுதான்.

கேஸ்கெட் நன்றாக இருந்தால் பிளக் வயர்களைப் பாருங்கள். 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பற்றுபவை. அவற்றின் வயர்கள் ஒட்டி ஓடினால், 5-க்குப் போகும் மின்சாரம் 7-லும் நேரம் தப்பிப் பொறியைத் தூண்டிவிடும். வயர்களைப் பிரித்து ஓடவிட்டாலே சிலசமயம் சத்தம் போய்விடும்.

எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்க, குறைந்த சூட்டிலேயே திறக்கும் தெர்மோஸ்டாட் போடச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு முன்னால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தகடு மாற்றியும் சத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தால் பதறவேண்டாம். இத்தனை காலம் படிந்த கரி உள்ளேதான் இருக்கிறது. அதைக் கரைக்கும் கிளீனரை இன்டேக் வழியாக விட்டுச் சுத்தம் செய்து, ஆயில் ஏறிய பிளக்குகளை மாற்றி, 87-ஐயே ஊற்றி மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.