பழைய ஆட்டோமேட்டிக் காரை மலையேற்றுகிறவர்களுக்கு: கியர்பாக்ஸ் வேகாமல் இருக்க என்ன செய்யலாம்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான், எந்த பாக்ஸ் நம்ம நீலகிரி மலைக்குத் தாங்கும்? நான் திருப்பிக் கேட்பேன்: பின்னால் கிரவுன் பினியன் (பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுற்றும் பல்சக்கர ஜோடி) என்ன ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான். ஒரு மே மாதம், சீசன் நெரிசல், பர்லியாருக்கு மேலே பஸ்ஸும் வேனும் ஊர்ந்துகொண்டிருக்க, நான் லீவரை டிரைவில் போட்டதோடு மறந்துவிட்டு, முன்வண்டி நகரும்வரை பிரேக்கையே தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஏற்றத்தில் காரை நிறுத்திப் பிடித்திருந்தேன், பெரிய கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பு வேறு. குன்னூர் வருவதற்குள் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பாக்ஸைப் பிரித்தால் கிளட்ச் பிளேட்டெல்லாம் கல்லில் மறந்துபோன தோசை மாதிரி இருந்தது. பாக்ஸில் குறை இல்லை. நான்தான் வேகவைத்தேன்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் என்பது ஆயில் நிறைந்த டப்பாவுக்குள் எதிரெதிரே வைத்த இரண்டு காத்தாடி மாதிரி. ஒன்றை எஞ்சின் சுற்றுகிறது, அது தள்ளும் ஆயில் மற்றதைச் சுற்றுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினால் சரி. எஞ்சின் பக்கம் 1800-இல் சுற்ற, சக்கரத்தின் பக்கம் 600-இல் திணறினால், நடுவில் காணாமல் போகும் சக்தி முழுக்க ஆயிலில் சூடாக இறங்குகிறது. 80, 90 டிகிரியில் அந்த ஆயில் வருடக்கணக்கில் உழைக்கும். 120-ஐத் தாண்டினால் பழுப்பாகிப் பிசின் படிய ஆரம்பிக்கும், ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும், பிரஷர் குறையும், பிளேட் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: பத்து டிகிரி ஏறினால் ஆயிலின் ஆயுள் பாதி. அதனால் பாக்ஸ் எவ்வளவு பலசாலி என்று பார்ப்பதற்கு முன்னால், கன்வர்ட்டர் இப்படி வேகம் ஒட்டாமல் வழுக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று பாருங்கள். அதைத் தீர்மானிப்பது கியரிங்.

முதலில் உங்கள் ரேஷியோவைக் கண்டுபிடியுங்கள். புத்தகத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், ஐம்பது வருடத்தில் யார் எந்த பின் ஆக்சில் ஹவுசிங்கை மாற்றினார்களோ. சமதளமான இடத்தில் (நம்ம ஊரில் அதைத் தேடுவதே பாதி வேலை) முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். டயரிலும், பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிபரென்ஷியல் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. அதற்குள் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. மூன்று சுற்றும் கொஞ்சமும் என்றால் 3.08, மூன்றரை என்றால் 3.55, மூன்றே முக்கால் என்றால் 3.73.

இப்போது கணக்கு. டயர் ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் உருளுகிறது என்று வைத்துக்கொள்வோம், 14 அங்குல ரிம் போட்ட பெரிய கார்களுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் பாக்ஸான டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இன் ரேஷியோக்கள் 2.52, 1.52, 1.00. பின்னால் 3.08 இருந்தால், கன்வர்ட்டர் வழுக்கலைக் கணக்கில் எடுக்காமல், 1000 ஆர்பிஎம்முக்கு முதல் கியரில் சுமார் 16 கிலோமீட்டர் வேகம், இரண்டாவதில் 26, டாப்பில் 40. அதாவது கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டரில் திரும்பும்போது முதல் கியரிலேயே எஞ்சின் ஐடிலுக்குச் சற்று மேலேதான், இரண்டாவதில் இருந்தால் கன்வர்ட்டர் கிடந்து அரைக்கிறது. அதே காரில் 3.73 போட்டால் முதல் கியரில் 13, இரண்டாவதில் 22, டாப்பில் 33. இந்த வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்தால் தெரியும் எவ்வளவு பெரிது என்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலை ரயில்கூட கல்லாறில் பல்சக்கரத்துக்கு மாறித்தான் ஏறுகிறது.

நஷ்டம் கோயம்புத்தூர் பக்கம் இறங்கினால் தெரியும். நெடுஞ்சாலையில் 100-இல் போனால் 3.08-இல் 2500, 3.73-இல் 3000 ஆர்பிஎம், சத்தமும் பெட்ரோலும் கூடும். என் கருத்து: வண்டி மலையிலேயே குடியிருந்தால் 3.55-இலிருந்து 3.73-க்குள் போடுங்கள், நெடுஞ்சாலைக்காக அழாதீர்கள். கீழே இருந்து வருடத்துக்கு இரண்டு தடவை ஏறுகிறவர் கிரவுன் பினியனைத் தொடவே வேண்டாம், கூலரும் ஓட்டும் பழக்கமும் போதும். மாற்றினால் ஸ்பீடோமீட்டர் கியரையும் மாற்ற வேண்டும், அதை எல்லோரும் மறக்கிறார்கள். செலவு குறைந்த வழி ஒன்று உண்டு, விட்டம் ஐந்து சதவீதம் குறைந்த டயர் போட்டால் எல்லா கியரும் ஐந்து சதவீதம் இறங்கும். பார்க்க அழகாக இருக்கும் என்று பெரிய டயர் போடுகிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்துகொள்கிறார்கள்.

சரி, இப்போது பாக்ஸுக்கு வருவோம். ஷெவர்லேயின் பவர்கிளைட், 1950-இலிருந்து 1973 வரை வந்தது, இரண்டே கியர், லோ கியர் 1.76 அல்லது 1.82. லேசில் உடையாது, ஆனால் மலைக்கு ஆகாது: 3.08-உடன் லோ கியரிலேயே 1000 ஆர்பிஎம்முக்கு 22 கிலோமீட்டர், ஒவ்வொரு வளைவிலும் கன்வர்ட்டர்தான் வேலை செய்யும். டர்போ ஹைட்ராமேட்டிக் 400 இரும்பு மாதிரி, ஆனால் கனம், எஞ்சினிடமிருந்து திருடுவதும் அதிகம். ஊட்டி உயரத்தில் கார்புரேட்டர் எஞ்சினே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்து நிற்கிறது, சின்ன எஞ்சினுக்கு இது தேவையில்லாத சுமை. போர்டின் சி4, கிறைஸ்லரின் டார்க்பிளைட் 727 இரண்டும் நல்லவை, முதல் கியர் 2.45-ஐ ஒட்டி. ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட ஷாப்ட் வேகமாகச் சுற்றும் கியர்) வேண்டும் என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4: முதல் கியர் 3.06, நான்காவது 0.70, மலையும் நெடுஞ்சாலையும் ஒரே பாக்ஸில். காகிதத்தில் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் 1982-இல் வந்த ஆரம்ப காலத்து பாக்ஸ்கள் மென்மையானவை, 1987-க்குப் பிந்தியதைத் தேடுங்கள், அதைவிட முக்கியம், கார்புரேட்டரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் அந்த டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். பிரஷரையே அதுதான் நிர்ணயிக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கேபிள் முழுக்க இழுபட வேண்டும், தொய்வாக விட்டால் ஒரே ஒரு மலையேற்றத்தில் மூன்றாவது, நான்காவது கியரின் பிளேட்டுகள் போய்விடும். பாக்ஸ் மோசம் என்று சொல்லும் பலரின் கதை இந்தக் கேபிளில்தான் முடிகிறது.

மெர்சிடிஸ் 123 வரிசைக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. நான்கு கியர், முதல் கியரே 3.7-இலிருந்து 4 வரை, மலைக்குப் பிறந்தது மாதிரி. அங்கே தொல்லை வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுவிசை) குழாய்கள். டீசல் வண்டியில் கதவுப் பூட்டும் கியர்பாக்ஸும் ஒரே வேக்கம் பம்பை நம்பி இருப்பதால், கதவுப் பூட்டில் கசிவு இருந்தால் கியர் உதைத்து விழும் வேடிக்கையும் நடக்கும்.

வேக்கம் என்றதும் மலைக்காரர்கள் மட்டுமே கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று. இந்தப் பழைய பாக்ஸ்களில் பலவற்றுக்கு மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா பக்கவாட்டில் இருக்கும், எஞ்சின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதை வேக்கத்தை வைத்து அது பாக்ஸுக்குச் சொல்கிறது. ஆயிரம் அடி ஏறினால் வேக்கம் (பாதரச அளவில்) சுமார் ஒரு அங்குலம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் கீழே 18 அங்குலம் காட்டிய எஞ்சின் மேலே 11 காட்டும். நீங்கள் அழுத்தி மிதிப்பதாக மாடுலேட்டர் நினைத்துக்கொண்டு கியரைத் தாமதமாக, இடித்து மாற்றும். பயப்படாதீர்கள், அது பழுது இல்லை. உயரத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் மாடுலேட்டர் சில பாக்ஸ்களுக்கு உண்டு, கிடைத்தால் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இடிப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். ஊட்டியில் நின்று திருகைத் தளர்த்தி மெத்தென்று மாற்ற வைத்தால், கீழே இறங்கியதும் பிரஷர் போதாமல் வழுக்க ஆரம்பிக்கும். இடிக்கிற கியர் முதுகைத்தான் வலிக்க வைக்கும், வழுக்குகிற கியர் பாக்ஸை எரிக்கும். இன்னொன்று, மாடுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது, எஞ்சின் உங்கள் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகையாக விட்டுக்கொண்டிருக்கிறது. சின்ன சாமான், உடனே மாற்றுங்கள்.

கூலர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரோடு முன்னால் தனியாக ஒன்று போடுங்கள், சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போய், அப்புறம் வெளிக் கூலர் வழியாக பாக்ஸுக்குத் திரும்பட்டும். ரேடியேட்டரை ஒதுக்கிவிட்டு வெளிக் கூலரை மட்டும் வைத்தால், டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலையில் ஆயில் சூடாகவே ஆகாது, அதுவும் நல்லதில்லை. பழைய ரேடியேட்டரை அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். உள்ளே ஓட்டை விழுந்து தண்ணீர் கலந்தால் டிப்ஸ்டிக்கில் ரோஸ்மில்க் வரும். தண்ணீர் பட்டால் பிளேட்டில் உரசும் பட்டையை ஒட்டிய பசையே விட்டுப்போகும், அதன் பிறகு ஆயில் மாற்றிப் பயனில்லை.

ஆயில் பார்ப்பது எப்போதும் சூடாக, எஞ்சின் ஓட, சமதளத்தில். பெட்ரோல் பங்க் தரை நல்ல இடம், காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் போங்கள். பெரும்பாலும் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும், டார்க்பிளைட் மட்டும் நியூட்ரலில். சிவப்பாக இருந்தால் நல்லது, பழுப்பு என்றால் மாற்றுங்கள், கருத்து தீய்ந்த வாடை அடித்தால் பிரித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. பாக்ஸின் கீழே இருக்கும் ஆயில் டிரேயைக் கழற்றும்போது அடியில் மெல்லிய சாம்பல் நிறக் களிம்பு இருப்பது சகஜம், மினுக்கும் உலோகத் துணுக்கு சகஜமில்லை. டிரேயை மட்டும் வடித்தால் பாதி ஆயில்கூட வராது, மீதி கன்வர்ட்டரில் நிற்கும். மெர்சிடிஸில் கன்வர்ட்டருக்கே வடிகால் போல்ட் உண்டு, தேடினால் கிடைக்கும். டெக்ஸ்ரான் வகைதான் பெரும்பாலானவற்றுக்கு, பழைய போர்டு பாக்ஸ்களுக்கு டைப் எஃப், இரண்டையும் கலக்காதீர்கள்.

ஓட்டும்போது ஏற்றத்தில் டிரைவில் விட்டு பாக்ஸைத் தவிக்க விடாதீர்கள், 2-இல் போடுங்கள், வளைவுகள் நெருங்கி வந்தால் 1. எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடட்டும், கன்வர்ட்டர் குளிர்ந்திருக்கும். நின்றால் கால் பிரேக், இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் ஹேண்ட் பிரேக்கும் நியூட்ரலும், எஞ்சினைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் ஆயில் கூலர் வழியாகச் சுற்றும். இறக்கத்தில் டர்போ 350 மாதிரி பாக்ஸ் டிரைவில் தானாக முதல் கியருக்கு வந்தாலும் எஞ்சின் பிரேக் கிடைக்காது, லீவர் 1-இல் இருந்தால்தான் பிடிக்கும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசிகள், டிரம் பிரேக்கை நம்பி இறங்கினால் பாதி வழியில் பெடல் கல்லாகிவிடும், வண்டி நிற்காது. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து 1-க்கு வந்துவிடுங்கள், வேகமாக இறங்கும்போது இழுக்காதீர்கள்.

சரிவில் நிறுத்தும்போது பார்க்கில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால் காரின் மொத்தக் கனமும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும், காலையில் லீவர் அசையாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் காலை எடுத்து வண்டி அமர்ந்த பிறகு பார்க்கில் போடுங்கள். வண்டி நின்றுபோய் இழுத்துச் செல்ல வேண்டி வந்தால் பின் சக்கரங்களைத் தூக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ப்ரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் உள்ளே சொட்டு ஆயில் போகாது, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் அப்படியே உருட்டி இறக்கினால் எஞ்சினில் இருந்த சின்னக் கோளாறுக்குக் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்க வேண்டி வரும். ஷாப்டைக் கழற்றும்போது பாக்ஸின் வாலில் கந்தலும் பிளாஸ்டிக் பையும் வைத்து இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வழி நெடுக ஆயில் ஒழுகும், பின்னால் வருகிற பைக்காரர் அதில் வழுக்கி விழுவார்.