தார் ரோடு ஏறியதும் 2ஹெச்-க்கு (இரண்டு சக்கர இழுவைக்கு) மாற்றிவிடுங்கள்

கீரிப்பாறை, பாலமோர் பக்கம் எஸ்டேட் பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் 4ஹெச் (நான்கு சக்கர இழுவை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மழையில் ஊறிய செம்மண்ணில் டயர் லேசாகச் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் அதற்கு வழியில்லை. ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், உள்ளே கியர்கள் முறுக்கேறித் திணறும்.

எப்போதும் ஆல் வீல் டிரைவில் ஓடும் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு 4எல் என்ற தாழ்ந்த கியர் கிடையாது. ரப்பர் தோட்டத்துச் செங்குத்து இறக்கத்தில் 4எல், முதல் கியர் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. மலைப்பாதை தினமும் என்றால் நான் 4எல் உள்ள வண்டியைத்தான் சொல்வேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று ரோட்டிலேயே ஓடுகிறவருக்கு அந்த வண்டியின் கூடுதல் எடையும் டீசலோ பெட்ரோலோ குடிப்பதும் வீண்.

இன்னொன்று: ஈர ரோட்டில் பிரேக் பிடிக்க நான்கு சக்கர இழுவை உதவாது. அதற்கு டயர்தான்.