ஹொஹோவுஃப்: மரவீட்டுக் கிராமத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். போலந்தின் தெற்கு மலைநாடான போத்ஹாலேயில் ஹொஹோவுஃப் என்பது கிராமம். ஹொஹோவ்ஸ்கா என்பது பள்ளத்தாக்கு. கிராமத்துக்குத் தெற்கே, விதுஃப் ஊரையும் தாண்டி, டாட்ரா மலைக்குள் இருக்கிறது. வரைபடச் செயலியில் பெயரை அரைகுறையாகத் தட்டிவிட்டு, மரவீடு பார்க்க வந்தவர்கள் பள்ளத்தாக்கின் நுழைவாயிலான ஷிவா போலானா வாகன நிறுத்தத்தில் போய் இறங்குவது வழக்கமாக நடக்கும் தவறு. பேருந்தில் ஏறும்போது "ஹொஹோவுஃப்" என்று ஊர்ப்பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். கிராமம் இருப்பது சுற்றுலா நகரான ஜகோபானேயிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 17 கி.மீ.; சாலை எண் 958.

அந்தச் சாலைதான் ஊரின் முதுகெலும்பு. இருபுறமும் வீடுகள் முக்கோண முகட்டுச் சுவரைச் சாலைக்குக் காட்டி, வாசலைத் தெற்கே வெயிலுக்குத் திருப்பி நிற்கின்றன. சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுவதால், காலையில் மேற்கு வரிசை முகடுகளிலும் பிற்பகலில் கிழக்கு வரிசையிலும் வெளிச்சம் விழும். படம் எடுப்பவர்கள் அதற்கேற்ப நடையைப் பிரித்துக்கொள்ளலாம். சாலையில் வண்டிப் போக்குவரத்து உண்டு. படத்துக்காகப் பின்னோக்கி நகர வேண்டாம்.

வீட்டைப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த ஊர் பேசும். சுவரில் இருப்பவை பலகைகள் அல்ல, நீளவாக்கில் பிளந்த அடிமரங்கள். மூலைகளில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி வெட்டி அடுக்கியிருப்பார்கள். இடுக்குகளில் முறுக்கிய மரச்சீவல். பனிக்காற்றைத் தடுப்பது அதுதான். அடிமரங்களின் அகலத்தைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று, ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஒன்றிலிருந்தே கட்டப்பட்டது என்று ஊரார் பெருமையோடு காட்டுவார்கள்.

மரம் இவ்வளவு வெளிறி இருப்பதற்கு வண்ணப்பூச்சு காரணமல்ல. மற்ற மலைக் கிராமங்களில் வெயிலும் புகையும் பட்டு மரம் கறுத்துவிடும். இங்கே ஆண்டுதோறும், பெரிய திருவிழாக்களுக்கு முன்பாக, வெளிச்சுவரைத் தண்ணீரும் சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவுகிறார்கள். வசந்தத்தின் பிற்பகுதியில் வந்தால் தேன்நிறச் சுவர்களைப் பார்க்கலாம். இவற்றில் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. முற்றத்துக்குள் நுழையாதீர்கள், சன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்.

உட்புறம் பார்க்க 1798இல் கட்டப்பட்ட பாஃபியா குடும்ப வீட்டுக்குப் போங்கள். டாட்ரா அருங்காட்சியகத்தின் கிளையான அது வாரம் முழுக்கத் திறந்திருக்காது. திறக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, பயணத் தேதியையே அதற்கேற்ப வையுங்கள். நடுவில் நடை, ஒருபுறம் அடுப்புள்ள, அன்றாட வாழ்க்கை நடக்கும் 'கறுப்பறை', மறுபுறம் விருந்தினருக்கும் விசேஷங்களுக்குமான 'வெள்ளையறை'. பெரும்பாலோர் தரையையும் சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பாருங்கள்: மலைநாட்டு வீடுகளில் உட்கூரையைத் தாங்கும் 'சோஸ்ரெம்ப்' என்ற நடு உத்திரத்தில்தான் கட்டிய ஆண்டையும் மலர்வட்டத்தையும் செதுக்குவது மரபு.

இந்த அருங்காட்சியகத்தின் மையம் 1846 எழுச்சி. அன்று இப்பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. பிப்ரவரி 21 இரவு, ஊர்ப் பள்ளி ஆசிரியரும் தேவாலய ஆர்கன் இசைஞருமான யான் கான்ட்டி அந்த்ருஷிகேவிச் தலைமையில் மலைவாசிகள் சுங்கக் காவலரின் ஆயுதங்களைப் பறித்தார்கள். பாதிரியார் லெயோபோல்ட் க்மியெதோவிச்சும் உடன் நின்றார். ஓரிரு நாளிலேயே எழுச்சி நசுக்கப்பட்டது. அதே மாதத்தில் கலீசியாவின் வேறு பகுதிகளில் உழவர்கள் நிலப்பிரபுக்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். இங்கோ உழவர்களே பேரரசுக்கு எதிராக எழுந்தார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் காட்சிப்பொருள்கள் விளங்கும். பிறகு புனித யாட்செக் தேவாலயம்: மரக் கிராமத்தின் நடுவே, இடைக்காலக் கோதிக் கட்டடக்கலையை மீட்டெடுத்த 19ஆம் நூற்றாண்டின் நியோகோதிக் பாணியில், கல்லால் எழுந்தது. கால்மணி நேரம் போதும்.

பாலாடைக்கட்டி வாங்குவதில் ஏமாறாதீர்கள். இப்பகுதியின் புகையூட்டிய கட்டியான 'ஒஸ்சிபெக்' 2008 முதல் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்புப் பெற்ற பெயர். குறைந்தது 60 விழுக்காடு செம்மறி ஆட்டுப்பால். இரு முனையும் கூம்பிய கதிர் வடிவம். 17 முதல் 23 செ.மீ. நீளம், 600 முதல் 800 கிராம் எடை. ஆடுகள் மேயும் கோடைப் பருவத்தில்தான் செய்வார்கள். குளிர்காலத்தில் விற்கும் புகையூட்டிய கட்டி பெரும்பாலும் பசும்பாலில் செய்த 'கோவ்கா'. அதுவும் சுவையானதுதான், ஆனால் ஒஸ்சிபெக் விலை கொடுக்க வேண்டாம்.

நேரம் மிஞ்சினால் ஊரோரத்தில் 2016இல் திறந்த வெந்நீர்க் குளங்கள் உண்டு. வார இறுதியில் நெரிசல் அதிகம். எல்லை தாண்டினால் ஸ்லோவாக்கியாவின் சுஹா ஹோரா. சோதனைச் சாவடி வழக்கமாக இயங்காவிட்டாலும் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். அங்கே செல்லுபடியாவது யூரோ, போலந்து நாணயமான ஸ்வோட்டி அல்ல. ஹொஹோவ்ஸ்கா பள்ளத்தாக்குக்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள். ஷிவா போலானாவிலிருந்து மலைவிடுதி வரை ஏறத்தாழ 7 கி.மீ. நடை, ஊதாக் குரோக்கஸ் பூப்பது பனி உருகும் மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும்.