மூலைவிட்டம் பிடித்ததும் படம் சேர்ந்தது

தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் தாத்தா வீட்டுப் பின்கட்டை இடிப்பதென்று முடிவானதும் எனக்கு மனசு ஆறவில்லை. அதற்குள் முழு வீட்டையும் வரைந்துவிட நினைத்து, டேப்பும் கிராஃப் நோட்டுமாகப் போனேன். ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), கூடம், முற்றம், உக்கிராண அறை (சாமான் வைக்கும் அறை) என்று ஒவ்வொன்றாக அளந்தேன். படம் சேரவே இல்லை. வெளிச்சுவர் 62 அடி. உள்ளே கூட்டினால் ஒன்றரை அடி குறைந்தது.

அறைகளெல்லாம் சரியான செவ்வகம் என்று நம்பியதுதான் முதல் தப்பு. மறுநாள் மூலைவிட்டங்களையும் அளந்தேன். கூடத்தில் மட்டுமே இரண்டுக்கும் 5 அங்குலம் வித்தியாசம்! பிறகு துண்டு துண்டாக அளப்பதை விட்டு, வாசல் நிலையைப் பூஜ்ஜியமாக வைத்து டேப்பை ஒரே ஓட்டமாக நீட்டி, தூண், கதவு, சுவர் எல்லாவற்றையும் குறித்தேன்.

அப்படியும் கணக்கில் முக்கால் அடி குறைந்தது. பரண்மேல் ஏறி டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: கூடத்துக்கும் உக்கிராண அறைக்கும் நடுவே ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு சுவர்கள். ஒன்று சுண்ணாம்புக் காரையில் மெல்லிய செங்கல்; மற்றது சிமெண்டில் தடித்த செங்கல்.

"அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிஞ்சப்போ எழுப்பினதுடா" என்றார் அத்தை. அவர் சொல்லியிருக்காவிட்டால் காரணம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

பழைய சுவரைக் கறுப்பிலும் பின்னால் வந்ததைச் சிவப்பிலும் வரைந்தேன். மங்களூர் ஓடுகளின் அடியில் தொழிற்சாலை முத்திரை இருந்தது. பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுத்தேன். மங்களூரில் அந்த ஓடு தயாரிப்பு தொடங்கியதே 1865-இல்தான். அதனால் கூரையையும் சிவப்பிலேயே சேர்த்தேன். முதலில் இருந்தது நாட்டு ஓட்டுக் கூரை என்பதற்குச் சாட்சியாக, சுவர்களின் மேல்விளிம்பில் அதன் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.