சிங்கப்பூரில் சீன, மலாய் நண்பர்களோடு நட்பைப் பேணுவது எப்படி

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கிறவர்களில் பலருக்குச் சீனரும் மலாய்க்காரரும் நல்ல நண்பர்களாக வாய்த்தும், அந்த நட்பு அலுவலக உணவு மேசையைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. அவர்கள் வீட்டுக்கு அழைத்தால் என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது என்ற தயக்கமே பெரும்பாலும் இதற்குக் காரணம். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி 1989 முதல் ஒதுக்கீட்டு முறை நடப்பில் இருப்பதால், ஒரே தளத்தில் மூன்று இனத்தவர் குடியிருப்பது அங்கே இயல்பு. அந்த அருமையான வாய்ப்பைச் சில வழக்கங்களை அறியாததால் மட்டும் இழந்துவிடக் கூடாது.

முதலில் பெயர். சீனர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். ஆகவே டான், லிம் என்று தொடங்கும் பெயரில் முதல் சொல் நண்பரின் சொந்தப் பெயராக இருக்காது. மலாய்க்காரர்கள் நம்மைப் போலவே தந்தை பெயரைச் சேர்த்துக்கொள்கிறவர்கள். 'பின்' அல்லது 'பிந்தே' என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர் என்பதால், அதைச் சொல்லி நண்பரைக் கூப்பிடக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றே அழைக்கலாம்; மலாய் வீட்டில் மக்சிக், பக்சிக் என்று அழைத்தால் அவர்கள் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

சாப்பாட்டில் இன்னும் சற்றுக் கவனம் தேவை. உணவங்காடி நிலையத்தில் மலாய் நண்பரோடு உட்காரும்போது, உங்கள் தட்டில் பன்றி இறைச்சி இல்லாமல் பார்த்துக்கொள்வது மரியாதை. சாப்பிட்டு முடித்த தட்டுகளை வைக்க ஹலால், ஹலால் அல்லாதவை என்று தனித்தனி அடுக்குகள் இருக்கும். எந்தக் கடையில் வாங்கினோமோ அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். நீங்கள் சைவம் என்றால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். பௌத்தச் சீனர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்பவர்கள் என்பதால், அவர்களுக்கு அது புதிய செய்தியாக இருக்காது.

சீனப் புத்தாண்டு 15 நாள் கொண்டாடப்படுகிறது. அதற்கு முந்தைய இரவு விருந்து குடும்பத்தினர் மட்டும் ஒன்றுகூடுவது. அன்று போய் நிற்காமல் நண்பர் அழைக்கும் நாளில் போவதே முறை. கறுப்பும் வெள்ளையும் தவிர்த்து நல்ல நிறத்தில் உடுத்துங்கள். கையில் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகளை எடுத்துச்சென்று, வாழ்த்துச் சொல்லி, இரு கைகளாலும் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். புறப்படும்போது அவர்களும் இரண்டு ஆரஞ்சுகளை உங்கள் கையில் தருவார்கள். வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். திருமணமானவர்கள் குழந்தைகளுக்கும் மணமாகாத இளையவர்களுக்கும் சிவப்பு உறையில் பணம் வைத்துத் தருவது அங் பாவ். 101, 501 என்று மொய் எழுதிப் பழகிய நம் கை இங்கே இரட்டைப்படைக்கு மாற வேண்டும். அதிலும் நான்கு கூடாது, எட்டு மிகவும் உகந்தது. உங்களுக்கு உறை கிடைத்தால் கொடுத்தவர் முன்னிலையில் பிரிக்கக் கூடாது.

சீன நண்பரின் வீட்டில் துக்கம் நேர்ந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்: வெள்ளை உறை, ஒற்றைப்படைத் தொகை. சிவப்பு உடையில் போகவே கூடாது. நான் இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம், கொண்டாட்டத்துக்கு வந்தவர்களைவிடத் துக்கத்துக்கு வந்தவர்களையே எந்த இனத்தவரும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதுதான்.

மலாய் நண்பரின் நட்பை உணர நல்ல காலம் ரமலான் மாதம். நோன்பு துறக்க அழைத்தால் மாலை ஏழு மணியை ஒட்டிச் சூரியன் மறைவதற்குச் சற்று முன்னரே போய் அமர்ந்து, தொழுகை அழைப்பான பாங்கு சொல்லும்வரை அவர்களோடு காத்திருந்து, அவர்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த பிறகு நீங்களும் எடுங்கள். நோன்புப் பெருநாள் வாழ்த்துக்காக வீடுவீடாகச் செல்வது ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதம் முழுவதும் நடப்பதால், முதல் நாளே போயாக வேண்டும் என்பதில்லை. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். எதிர்ப்பாலர் தாமாகக் கை நீட்டினால் ஒழிய நீங்கள் நீட்டாமல், வலக்கையை நெஞ்சில் வைத்து வணங்குவது போதும். பழங்களோ ஹலால் சான்றிதழ் பெற்ற கடையின் பலகாரமோ கொண்டுபோகலாம். ஓலைப் பொதியில் வேகவைத்த சோறான கெத்துப்பாட்டும், தேங்காய்ப்பாலில் வற்றவைத்த கறியான ரெண்டாங்கும் மேசைக்கு வரும். ரெண்டாங் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்பதால், உண்ணாதவர்கள் அழைப்பு வந்த அன்றே தெரிவித்துவிட்டால் வீட்டாருக்கு வேறொன்று சமைக்க நேரம் இருக்கும்.

திருமண அழைப்புகளில் சீனர் வழக்கம் வேறு, மலாய்க்காரர் வழக்கம் வேறு. சீனர் விருந்தில் ஒவ்வொருவருக்கும் இருக்கை எண்ணி ஒதுக்கப்படுவதால், அழைப்பில் பெயர் இல்லாதவர்களைக் கூட்டிப்போவதும் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதும் அவர்களுக்கு உண்மையான நட்டம். மலாய்த் திருமணங்களில் பலவும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நண்பகலை ஒட்டிப் பல மணி நேரம் நடக்கும். வசதியான நேரத்தில் போய், மணமக்களை வாழ்த்தி, சாப்பிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு எழலாம்.

போனால் மட்டும் போதாது, அவர்களையும் அழைக்க வேண்டும். தீபாவளிக்கு மலாய் நண்பர் வருகிறார் என்றால், ஹலால் கடையில் வாங்கிய உணவைப் புதிய தட்டுகளில் பரிமாறுங்கள். அப்படிச் செய்திருப்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால், அவர் கேட்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் சங்கடப்பட மாட்டார். அவர் இருக்கும்போது மேசையில் மது வேண்டாம். எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் நாம் நமக்குள் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பது விருந்தினரைத் தனிமைப்படுத்தும். ஆங்கிலத்தில் பேசுங்கள், முறுக்கு எப்படிப் பிழிவது என்று கேட்டால் அச்சைக் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். உங்கள் வழக்கங்களில் புரியாததை அவர் கேட்கும்போது பொறுமையாக விளக்குங்கள், அவர் வழக்கங்களைப் பற்றி நீங்களும் அதே உரிமையோடு கேளுங்கள்.