லாரிக்குக் கட்டுவது வேறு, ஸ்டோரேஜுக்குக் கட்டுவது வேறு

இரண்டு வருட வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள், பழைய அபார்ட்மென்டை இடித்துக் கட்டக் கொடுத்தவர்கள் என்று சென்னையில் வீட்டுச் சாமானைப் பூட்டி வைக்கும் ஸ்டோரேஜ் யூனிட்டை மாத வாடகைக்கு எடுப்பவர்கள் இப்போது உண்டு. வீடு மாற்றுவதற்குச் சாமான் கட்டுவது போலவே இதற்கும் கட்டச் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பேக்கர்ஸ் ஆட்களின் கவலையெல்லாம் வழியில் உடையக் கூடாது, கீறல் விழக் கூடாது என்பதே. லாரிக்கு அது சரி. யூனிட்டில் சாமான் அசையப்போவதே இல்லை. அங்கே அதைக் கெடுப்பது ஈரம்.

சோபா, மெத்தை, மர அலமாரி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஃபிலிமில் இறுக்கச் சுற்றித் தருவார்கள். பார்க்கப் புதுசு போல இருக்கும். ஆனால் மரத்திலும் பஞ்சிலும் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று கடந்தாலே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். லாரிப் பயணத்துக்கு ஃபிலிம் இருக்கட்டும். யூனிட்டில் இறக்கியதும் கிழித்தெடுத்துவிட்டு, பழைய பருத்திப் புடவையோ பெட்ஷீட்டோ போர்த்துங்கள். ஆட்கள் அவசரப்படுத்தத்தான் செய்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். சாமானைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் வேண்டாம், ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும்.

ஃபிரிட்ஜைக் காலையில் நிறுத்தி மதியம் ஏற்றிவிடுவது பலரும் செய்வது. ஃப்ரீசரில் பனி இல்லையே என்று நினைப்பார்கள். பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும். பனி உருகும் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதை வடிக்காவிட்டால் வழியில் கொட்டும், இல்லையென்றால் அங்கேயே நாறும். முந்தின நாளே நிறுத்தி, துடைத்து, கதவைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள். யூனிட்டிலும் கதவு முழுக்க மூடாதபடி இடையில் ஒரு துணிச் சுருளைச் செருகி, மேலே கயிறு கட்டினால் போதும். ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகளை, வாங்கிய அன்று கழற்றி எங்கோ வைத்திருப்பீர்கள். தேடி எடுத்து மாட்டிவிட்டு ஏற்றுங்கள். அதன் குழாயிலும் ஃபில்டரிலும் தண்ணீர் நிற்கும், அதையும் வடித்துவிடுங்கள்.

சமையலறைதான் மோசம். கிரைண்டர் கல்லின் இடுக்கில் காய்ந்த மாவு, மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டிய மிளகாய்ப்பொடி, பாதி காலியான பருப்பு டப்பா: கரப்பானுக்கும் எலிக்கும் இது போதும். மளிகை என்று ஒரு பொட்டலம்கூட உள்ளே போகக் கூடாது. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, அரைகுறையாகத் துடைத்துப் பேப்பரில் சுற்றுகிறார்கள். திறக்கும்போது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். புளிப்பு போக நன்றாகக் கழுவி, வெயிலில் காய்ந்த பிறகு துணியில் சுற்றுங்கள். வெள்ளிச் சாமானை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும்.

சுவர்க்கடிகாரம், ரிமோட், டார்ச் எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்தால் பொருளே போச்சு. புத்தகங்களைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்கும்போது அடி பிய்ந்துகொள்ளும். ஏ4 பேப்பர் பண்டல் வரும் அட்டைப்பெட்டி அளவு சரியாக இருக்கும்.

பட்டுப்புடவை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: அதை ஸ்டோரேஜுக்கே அனுப்பாதீர்கள். மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே விட்டுப்போகும். அவ்வப்போது பிரித்து மடிப்பு மாற்ற ஒரு ஆள் வேண்டும். அக்கா வீட்டு பீரோவில் ஒரு தட்டு கேட்டு வாங்கிக்கொள்வதே மேல்.

கேஸ் சிலிண்டரை உள்ளே விடமாட்டார்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, கட்டிய டெபாசிட்டை வாங்கிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறாமல் கிடந்தால் வீணாகிவிடும், இப்போதே விற்றுவிடுவது லாபம். நகை, வீட்டுப் பத்திரம், சான்றிதழ்களுக்கு பேங்க் லாக்கர் இருக்கிறது.

வாடகை குறைவு என்று தரைத்தளத்தை எடுப்பவர்கள், 2015 டிசம்பரில் முடிச்சூரும் 2023 டிசம்பரில் வேளச்சேரியும் வெள்ளத்தில் எப்படி மிதந்தன என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். மேல் மாடி கிடைக்காவிட்டால் மரப்பலகை அடித்து அதன்மேல் ஏற்றுங்கள். வீட்டுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் அந்த முகவரிக்கு மட்டும்தானா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எதில் என்ன என்று எழுதி, இன்னொரு சாவியோடு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அவர் போய்த் திறந்து பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் சாவி இருந்தும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.