ஒட்டினால் மட்டும் ஒற்றுமையா?

"ஒற்றுமையே பலம்" என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, அதன் கீழே குழந்தைகளை உட்காரவைத்து வண்ணம் தீட்டச் சொல்கிறோம். முதல் தவறே இதுதான். விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? முதலில் கை உணரட்டும், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் பஞ்சைக் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் பிரிந்துவிடும். அதே அளவு பஞ்சை விரலால் நன்றாக முறுக்கிவிட்டு இழுக்கட்டும். இப்போது அவ்வளவு சுலபமாகப் பிரியாது. ஓர் இழையைக்கூட நாம் கூடுதலாகச் சேர்க்கவில்லை. முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்கின்றன, உராய்வு அவற்றை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எல்லோரும் சொல்லும் குச்சிக்கட்டுக் கதையைவிட எனக்கு இது பிடிக்கும். அங்கே பலம் எண்ணிக்கையில் இருக்கிறது, இங்கே பிடிப்பில். முறுக்கிய திரிகளைச் சாயத்தில் தோய்த்து, காய்ந்ததும் மூன்று மூன்றாகப் பின்னினால் சுவரில் தொங்கவிட ஓர் அலங்காரமும் தயார்.

இதே இழுத்துப் பார்க்கும் சோதனையைக் காகிதப் பட்டைகளை வைத்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அதனால் ஒரு திசையில் வெட்டிய பட்டை மற்றதைவிட உறுதியாக இருக்கும். ஒப்பிடும் பட்டைகளை ஒரே தாளில், ஒரே திசையில், ஒரே அகலத்தில் வெட்டுங்கள். மெல்லிய நைலான் நூல் வேண்டவே வேண்டாம், அறுவதற்கு முன் விரலை அறுத்துவிடும்.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் செய்வது. ஆளுக்கொரு சதுரத் தாளில் வரையவைத்து, கடைசியில் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் ஒட்டுகிறார். பார்க்க அழகுதான். ஆனால் குழந்தைகள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அதற்குப் பதில் தாள்களை முதலில் அடுத்தடுத்து வைத்து, எல்லாவற்றையும் கடந்து போகும்படி ஓர் ஆற்றைப் பென்சிலால் வரைந்துவிடுங்கள். பிறகு பிரித்துக் கொடுங்கள். என் தாளில் முடிகிற ஆறு பக்கத்துத் தாளில்தான் தொடர்கிறது. என் ஆறு நீலம், அவளுடையது ஏன் பச்சை? சண்டை வரும். உடனே ஓடிப்போய்த் தீர்த்துவைக்காதீர்கள். பாடமே அந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஆளுக்கொரு பசை, ஆளுக்கொரு கத்தரி கொடுத்தால் யாருக்கும் யாரும் தேவைப்படுவதில்லை. மூன்று நான்கு பேருக்கு ஒரு பசை போதும். பத்துப் பேருக்கு ஒன்று என்றால் சரிப்படாது, காத்திருந்தே பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும்.

எல்லோரும் போனபிறகு கோணலான பின்னலைப் பெரியவர்கள் ரகசியமாகச் சரிசெய்து வைப்பதும் உண்டு. வேண்டாம். தளர்ந்த இடத்தில் திரி உருவிக்கொண்டு வருவதைக் குழந்தையே பார்க்கட்டும். "யாருடையது அழகு?" என்று கேட்டுப் பரிசு கொடுத்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

தனியாக உட்கார விரும்பும் குழந்தையை நடுவில் இழுத்து உட்காரவைக்காதீர்கள். ஆற்றின் கடைசித் தாளைக் கொடுங்கள். ஓர் ஓரத்தை மட்டும் இன்னொருவரோடு பேசிப் பொருத்தினால் போதும்.